பங்காளி மேகம்

திங்கட்கிழமைக்குள் பவதாரிணி ஒரு பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும். சூரியத் தகடுகளும் காற்றாலைகளும் பெருகிவிட்ட காலத்தில், ஊரெங்கும் மின்சாரம் கொண்டுபோகும் மின்கட்டம் ஆடாமல் நிற்குமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக அவள் கணினியில் செய்துவைத்த மாதிரிக் கட்டம், எத்தனை முறை ஓட்டினாலும் ‘நிற்கும்’ என்றே சாதித்தது. போன ஐப்பசியில் ஒரு மேகமூட்ட மத்தியானம் நிஜக் கட்டம் ஆட்டம் கண்டதே, அதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.

“ஏன்னு திங்கட்கிழமை சொல்லும்மா. இல்லன்னா தலைப்பை மாத்திக்கோ” என்று பேராசிரியர் ஹரிஷங்கர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷப் பாடும் வீணாகிவிடுமே என்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை, அக்கா பாண்டிமீனாவின் மகனுக்குத் திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் காதுகுத்து.

“நூறு வீட்டுக்குச் சொல்லியிருக்கு. எம்புட்டுப் பேருக்கு ஆக்கலாம்? நீதான் கணக்குப் படிச்ச புள்ளையாச்சே” என்று அக்கா முன்பே கேட்டிருந்தாள்.

“பாதிப் பேருக்கு மேல கொஞ்சம் ஆக்குனாப் போதும்க்கா. ஒரு வீடு வராட்டி இன்னொரு வீடு வரும். சரியாப் போயிரும்.”

சரியாகப் போகவில்லை. அழைத்த விதம் சரியில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பா மலைச்சாமிக்கு அன்று காலையில் கோபம் தணிந்துவிட்டது. அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவும் பங்காளிகள் மொத்தமும் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் அடிதட்டியது.

“பங்காளிக ஒவ்வொருத்தரா யோசிச்சா வருவாக? பெரியப்பா எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாக. அவரு படுத்தா எல்லாரும் படுத்துக்குவாக. இதுகூடத் தெரியாதாடி?” என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

காலி வாளியும் கையுமாகப் பவதாரிணி அப்படியே நின்றுவிட்டாள். கணினியிலும் இதே கூத்தைத்தானே செய்திருந்தாள்? ஒரு சூரியத் தகட்டுப் பண்ணை படுத்தால் இன்னொன்று தாங்கும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விட்டிருந்தாள். ஒரே மேகம் வந்தால் எல்லாம் சேர்ந்தல்லவா படுக்கும்? அன்றைக்கென்று காற்றும் ஓய்ந்துவிட்டால்?

அதற்குள் அக்கா வீட்டுக்காரர் சிவபாண்டி ஒரு மூட்டை ரவையைப் பிரித்துவிட்டார். அடுப்பில் ஓர் அண்டா வெந்நீரைக் காலையிலிருந்தே அவர் கொதிக்கவிட்டிருந்தார்.

“மாமனார் வீட்டுப் பங்காளிகள எனக்குத் தெரியாதா?” என்றார் அவர்.

வாளியை அவரிடம் தள்ளிவிட்டுப் பவதாரிணி கைகழுவுமிடத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். எல்லாப் பண்ணைகளையும் ஒரே மேகத்துக்குப் பங்காளிகளாக்கி ஓட்டினாள். திரையில் கட்டம் ஆடியது. தன் மின்கட்டம் ஆடியதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவளாகத்தான் இருப்பாள்.

திங்கட்கிழமை ஹரிஷங்கர், கட்டம் ஆடிய வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “எப்படிம்மா பிடிச்ச?”

“சாம்பார் தீந்துபோச்சு சார்” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னாள்.

“சரி, எல்லாம் சேர்ந்து படுத்துட்டா கட்டத்தை எப்படிக் காப்பாத்துவ?”

“நொடியில கைகொடுக்க ஒரு மின்நிலையம் எப்பவும் தயாரா இருக்கணும் சார். வெந்நீர் அண்டா மாதிரி.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “தலைப்பு அப்படியே இருக்கட்டும். உப்புமா எப்படி?”

“பெரியப்பா ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனாரு சார்” என்றாள் பவதாரிணி. “அவரு வாங்கவும் எல்லாரும் வாங்குனாக. அதுவும் தீந்துபோச்சு.”