நான்கு பேருக்கு ஒரு பெஞ்சு

1.

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் மாமனாரின் வாயில் உதித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுத்து, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். எனக்கே அது தெரியாது.

"எப்பவும் அந்த இடத்துலயே நிறுத்திடுறியேம்மா, மிச்சம் மறந்துபோச்சா?" என்றார்.

மறக்கவில்லை மாமா, அதற்கு மேல் எல்லோரும் சேர்ந்து பாடுகிற வரி, தனியாகப் பாடினால் நன்றாக இருக்காது என்றேன். அவர் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தார்.

"அப்ப சேர்ந்து பாடுறவங்க இருக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதானே. யார் வேண்டாம்னா?"

யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதுதான் உண்மை. (கொடுமைக்கார மாமனாரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும். என்னிடம் இருப்பது இவர்தான்.) கல்யாணத்துக்குப் பிறகு நானாகவே சர்ச்சுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் தனியாகப் போய் உட்கார என்னால் முடியவில்லை.

2.

கதையை எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எழுதிப் பார்த்து விட்டவை:

"அவள் பெந்தெகொஸ்தே வீட்டில் பிறந்தவள். அவன் தினமும் விளக்கேற்றும் வீட்டுப் பிள்ளை. இருவரும்..." (கல்யாண விளம்பரம் போல இருந்தது.)

"கடவுள் ஒருவரே என்றால் இத்தனை சபைகள் ஏன் என்ற கேள்விக்கு வரலாற்றில்..." (இதற்குள் நீங்களே எழுந்து போயிருப்பீர்கள்.)

"சர்ச்சில் கொடுக்கும் அப்பம் ஒன்றுதான். கத்தோலிக்கர் நற்கருணை என்கிறார்கள், இன்னொரு சபையில் திருவிருந்து என்கிறார்கள், என் அம்மா சபையில் கர்த்தருடைய பந்தி என்பார்கள். யார் வாங்கலாம் என்பதில்தான்..." இதை முழுதாக அடிக்க மனம் வரவில்லை. கதையே அந்த யார் வாங்கலாம் என்பதில்தான் மாட்டிக்கொண்டது.

3.

என் கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். கனமான சோதனைச் சட்டத்தை நம் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பாரே, அந்த ஆள். கடையில் கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே கேள்விதான். சட்டை வாங்கினாலும் முதலாவதா, ரெண்டாவதா.

அப்பா சொன்னதைக் கேட்டதும், சர்ச் தேடுவதற்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கு ஒன்று. அதற்கு முந்தைய வாரத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசித்தால் கண் கலங்கிவிடும் என்றார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: யாரும் மதம் மாறப்போவதில்லை, ஆனால் போனால் எல்லோரும் போவது. எங்கள் மகள், அவளுக்கு வாலு என்று பெயர் வைத்திருக்கிறோம், பெரியவளானதும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வாள்.

நான் கேட்டது இன்னும் சின்னது. நாங்கள் நான்கு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும், எங்களில் யாரும் அங்கே விருந்தாளி மாதிரி தெரியக் கூடாது. எழுதும்போது சின்னதாகத்தான் தெரிகிறது.

மாமனார் முட்டி வலியால் வரமுடியாது. அதனால் நாங்கள் திரும்பி வந்ததும் அவரிடம் முழு விவரமும் ஒப்பிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

4.

அம்மாவின் சபையில் என் தொண்டை திறந்துகொண்டது. கைதட்டிப் பாடினேன். ஆனால் அங்கே வருகிறவர்களின் வீட்டாருக்காக மைக்கில் பெயர் சொல்லி உருகி ஜெபிப்பார்கள். அன்பைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆனாலும் தன் பெயரை மைக்கில் கேட்டுக்கொண்டு மாமனார் எந்தப் பக்கம் பார்ப்பார்? வாலுவுக்கு ஞானஸ்நானத் தொட்டி பிடித்துவிட்டது, என்றைக்குக் குளிக்கலாம் என்று கேட்டாள்.

அடுத்தது இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி. சீருடை, எக்காளம், மேளம். என் கணவருக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை. அங்கே திருவிருந்தே கிடையாது என்று தெரிந்ததும் வக்கீல் மாதிரி வாதாடினார்: பந்தியே இல்லாத இடத்தில் யாரையும் பந்தியிலிருந்து ஒதுக்க முடியாது, நமக்கு இதுதான் சரி. யோசித்தால் சரிதான். எனக்கோ அந்தப் பந்திக்காகத்தான் இத்தனை வருஷப் பசி.

மூன்றாவது மெதடிஸ்ட். எங்கள் வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பினால் போதும். இது எங்கள் மேசை அல்ல, ஆண்டவருடைய மேசை, விரும்புகிற யாரும் வரலாம் என்றார் போதகர். என் கணவரைப் பார்த்தேன். நம்பாமல் வாயில் போடுவது மரியாதையாகாது, நீ போய்விட்டு வா என்று காதோடு சொன்னார். போனேன். முழங்காலிட்டேன். வாயில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவரும் வாலுவும் எனக்கு வழிவிடக் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள், சினிமாக் கொட்டகையில் நடுவில் எழுந்து போனவருக்கு ஒதுக்குவது போல.

அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அந்தக் கால்களைத் தாண்டுவது கஷ்டமாக இருந்தது.

5.

(இந்த இடத்தில் என் மாமனார் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. பக்தியான மனிதர், வேறு மதத்து மருமகளைச் சர்ச்சுக்குப் போகச் சொல்லித் தூண்டுவாரா? வாசகர் நம்புவாரா? கணவரிடம் கேட்டேன். அப்பா இவ்வளவு நல்லவர் இல்லை, அவர் டிவி சத்தத்தை எழுது என்றார். எழுதிவிடுகிறேன்: பக்கத்து வீட்டார் செய்தி கேட்கத் தனியாக டிவி போட வேண்டியதில்லை. காப்பி ஆறிவிட்டால் என் மாமனாருடன் பேச்சுவார்த்தை கிடையாது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் யார் எங்கே கிளம்பினாலும் தாமதம் என்பார்.

அவரிடமே கேட்டேன். "இதுல நல்லது கெட்டது என்னம்மா இருக்கு? பாதியில நின்ன பாட்டு காதுல உறுத்துது, அவ்வளவுதான்" என்றார்.)

6.

நான்காவது கத்தோலிக்கக் கோயில், வாசலிலிருந்து வலது பக்கம். அங்கே நற்கருணை அந்தச் சபையாருக்கு மட்டும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுப்பதற்குள் வாலு பாத்ரூம் என்றாள்.

இனி நடந்தது நான் பார்க்காதது. அவர் சொல்லி எழுதுகிறேன்.

வரிசை எழுந்தது, இவரும் எழுந்தார். பிரசாதத்துக்குக் கையேந்துவது போல இரண்டு கையையும் ஏந்தினார். ஃபாதர் "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லி அப்பத்தை வைத்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் "ரொம்ப நன்றிங்க" என்றிருக்கிறார். வாயில் போடவில்லை. பெஞ்சுக்கு வந்து, கண்ணாடி துடைக்கும் புதுத் துணியை உறையிலிருந்து எடுத்து, அதில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் வீட்டு வழக்கம் அது: கோயிலில் எது கொடுத்தாலும், வரமுடியாதவருக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர் வாயில்.

நான் திரும்பி வந்தபோது என் இடத்தில் கோயில் ஊழியத்துக்கான நீல உடுப்புப் போட்ட அம்மாள் ஒருவர் உட்கார்ந்து, என் கணவரின் சட்டைப் பையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அதட்டவில்லை, பாவம். என்ன செய்வதென்று தெரியாமல் காவலிருந்தார். பூசை முடிந்ததும் எங்களை ஃபாதரிடம் அழைத்துப் போனார்.

வாலுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த அப்பம் அவர்களுக்குக் கிறிஸ்துவேதான், வாங்கியவர் அங்கேயே உட்கொள்ள வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

ஃபாதர் துணியைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார்.

"அப்பாவுக்கு, ஃபாதர். முட்டி வலி. வர முடியல." பிறகு என் கணவர் என்னைக் காட்டினார். "போன தடவை இவ தனியா போயிட்டு அழுதுக்கிட்டே வந்தா. இந்தத் தடவை தனியா விடக் கூடாதுன்னு நான் முன்னாடி போனேன்."

இந்த வாக்கியத்தை இங்கே எழுதியபின் அன்று வேலை ஓடவில்லை. நான் அழுததை அவர் பார்த்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஃபாதர் நாற்காலியை இழுத்து எங்களை உட்கார வைத்தார்.

"வர முடியாதவங்களுக்கு நாங்களும் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் கொடுக்கிறோம்" என்றார். "நீங்க நினைச்சது தப்பில்லை. ஆனா இதை உங்ககிட்ட கொடுத்தனுப்ப எனக்கு அனுமதி இல்லை. நான் எடுத்துக்கட்டுமா?"

கண்ணை மூடி, அவரே அதை உட்கொண்டார். துகள் ஒட்டியிருக்கும், துணியைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டு விலாசம் கேட்டார்.

7.

அந்த வாரத்திலேயே ஃபாதர் வீட்டுக்கு வந்தார். கையில் கழுவி மடித்த துணி, வேறொன்றும் இல்லை. அவருக்கும் முட்டி வலியாம். அவரும் மாமனாரும் தைலங்களை ஒப்பிட்டார்கள், பிறகு ரயில்களை. நான் காப்பியோடு வந்தபோது மாமனார் நேராகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் மருமகளுக்கு உங்க இடத்துல உண்டா, இல்லையா?"

"உட்கார உண்டு, பாட உண்டு. அப்பம் மட்டும், எங்க சபையில சேர்ந்தாத்தான்" என்றார் ஃபாதர். "அந்தப் பக்கம் மெதடிஸ்ட் போதகர் என் சிநேகிதர். அங்க கொடுப்பார். நல்ல மனுஷர்."

"சுத்தி வளைக்காம சொன்னீங்க, சந்தோஷம்" என்றார் மாமனார். டிவியை அணைத்தார். அப்படி அவர் யாருக்கும் அணைத்ததில்லை.

ஆக, இடது பக்கம் எனக்கு அப்பம் உண்டு. வலது பக்கம் என் மாமனாரைத் தேடி வந்த மனிதர் உண்டு.

8.

முடிவுகள்.

(அ) இடது பக்கம். நான் எழுந்து போகிறேன், மூன்று பேர் கால் ஒதுக்குகிறார்கள். (நியாயமான முடிவு. ஆனால் மறுபடியும் தனியாக.)

(ஆ) வலது பக்கம். நான்கு பேரும் உட்கார்ந்தே இருக்கிறோம், யாரும் தனியாக இல்லை. அப்பமும் இல்லை. (என் பசி அப்படியே இருக்கிறது.)

(இ) வாசலில் நின்று என் கணவர் "முதலாவதா, ரெண்டாவதா?" என்கிறார். ரெண்டும் ஒரே மாதிரி தெரிகிறது என்கிறேன். கடையில் அப்படிச் சொன்னால் பரிசோதனை முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் சிரிக்கிறோம். முற்றும். (எழுதி முடித்து, அழகாகத்தான் இருக்கிறது என்று மகிழ்ந்து, அடித்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னால் இரண்டு நல்ல மனிதர்களுக்கும் அவமரியாதை.)

(ஈ) இன்று ஞாயிறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் கைத்தடிச் சத்தம். தேய்த்த சட்டையோடு மாமனார் வந்து நிற்கிறார். எங்கே மாமா என்கிறேன்.

"எனக்காக ஒருத்தன் பையில வச்சுக் கொண்டுவரப் பார்த்தான், ஒருத்தர் வீடு தேடி வந்தார். இனிமே நானே வந்துடுறேன். அந்தப் பாட்டு மிச்சத்தையும் கேக்கணும். லேட்டாகுது, கிளம்புங்க."

வாலு அவருக்குச் செருப்பை எடுத்து வைக்கிறாள். கணவர் எங்கள் மாடி வீட்டிலிருந்து ஒவ்வொரு படியாக அவரை இறக்குகிறார். நான் கடைசி ஆள், கதவைப் பூட்ட வேண்டும். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, யாரிடம் முதலில் சொல்வதென்று தெரியாமல் சாவியைத் தேடுகிறேன்.

ஆகவே இதற்கு மேல் எழுத நேரமில்லை. இடமா வலமா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அனுப்பினாலும் பெஞ்சில் நான்கு பேருக்கு இடம் போட்டு வையுங்கள். மாமனாருக்கு ஓரத்து இடம். அவரால் காலை மடக்க முடியாது.