முதுகில் ஒட்டிய சாட்சி

என் கைப் புண்ணுக்கு எது காரணம் என்று பார்க்க, திங்கட்கிழமை தோல் டாக்டரம்மா என் முதுகில் பட்டைகளை ஒட்டினார். அவற்றில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றில் நிக்கல், ஒன்றில் குரோமியம், ஒன்றில் எங்கள் வீட்டுச் சோப்பைக் கரைத்தது.

"புதன்கிழமை வரைக்கும் தண்ணி படக் கூடாது, வேர்க்கவும் கூடாது. பிரிஞ்சா எல்லாம் வீண். அடுத்த தடவைக்கு மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதமா! அதற்குள் என் கதை முடிந்துவிடும். பதினான்கு வருஷமாக ஆலையில் நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் குழாய்களை முக்கி எடுக்கிறேன். விரலெல்லாம் வெடித்துவிட்டது, பொத்தான் போட்டுவிடக்கூட மனைவி வர வேண்டும். ஃபோர்மேன் ஒஸ்மோவோ, 'வீட்டுச் சோப்பால் வந்தது' என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதப்போகிறானாம். எழுதிவிட்டால் நஷ்டஈடு ஒரு பைசா கிடைக்காது, வேலையும் போச்சு.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஆலையில் சவுனா, அதாவது எல்லோரும் சேர்ந்து நீராவிக் குளியல். எங்கள் ஊரில் சண்டை, சமாதானம் எல்லாமே அந்தச் சூட்டில் அம்மணமாக உட்கார்ந்துதான். வரமாட்டேன் என்றால் பகை என்று அர்த்தம்.

"வாடா தாவெத்தி, உள்ள உக்காந்து பேசி முடிச்சிக்கலாம்," என்றான் ஒஸ்மோ. நாங்கள் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"முதுகுல மருந்து ஒட்டியிருக்கு. நான் வரல."

"அஞ்சே நிமிஷம். கீழ்ப் பலகையில உக்காரு, அங்க சூடு கம்மி."

"அஞ்சு நொடி கூட முடியாது."

"தண்ணிக்குப் பயந்த பூனை!" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோபித்துக்கொண்டு போனான் என்ற பேர் வேண்டாம் என்று, உடை மாற்றும் அறையிலேயே கோட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒஸ்மோ எப்போதும் எல்லோரும் உள்ளே போன பிறகுதான் கையுறையைக் கழற்றுவான்; உள்ளே இருட்டில் யார் கையும் தெரியாது. அன்று வெளிச்சத்தில் நான் ஒருவன் மிச்சம். வேறு வழியில்லாமல் என் எதிரிலேயே கழற்றினான். அடப்பாவி! என் கையே தேவலை. விரல் முட்டிக்கு முட்டி ரத்தம் கசிந்தது.

"உன் வீட்லயும் அதே சோப்பா?" என்றேன்.

"கத்தாதடா. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. நான் எங்க போவேன்?"

"நான் மட்டும் எங்க போவேன்? உன் கையைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். என் கையைப் பத்தி நீ பொய் எழுதாதே."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

புதன்கிழமை பட்டையை உரித்து, டாக்டரம்மா கண்ணாடியில் காட்டினார். சோப்பு ஒட்டிய இடம் வெறும் தோல். நிக்கல் ஒட்டிய இடம் சிவந்து, வீங்கி, கொப்புளம் கட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பேன். ஆனா சந்தேகமே இல்ல. இனிமே அந்தத் தொட்டிப் பக்கம் நீங்க போகவே கூடாது."

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அழுகை வந்தது. அழுதுகொண்டே, "எழுதுங்க டாக்டர், நல்லா அழுத்தி எழுதுங்க," என்றேன்.

எழுதி முடித்ததும் கேட்டார்: "வேற ஏதாவது?"

"இன்னொரு ஆளுக்கு நாள் குறிங்க. பேரை அவனே வந்து சொல்லுவான். வரலேன்னா நான் இழுத்துட்டு வர்றேன்."