துண்டுகளுக்குச் சந்தேகம் இல்லை

எதிர்வீட்டுக்காரரின் மத்தியானத்தைத் திருடியதாக எனக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஆயுள் முழுக்க ஜன்னலாக இருக்க வேண்டும். நான் திருடவில்லை. எனக்கே ஒரு மத்தியானம் இருக்கிறது.

மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது என் வலது கை ஜன்னல் கதவாகியிருந்தது. என்னைச் சுவரில் பதித்து, தோளில் கீல் வைத்திருந்தார்கள். வலி இல்லை. ஆனால் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. என் மனைவி செண்பகா பக்கத்தில் நின்று கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வக்கீல் தில்லைநாயகம் எழுந்தார். மூன்று நீதிபதிகளும் ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

"ஐயா, ஜூரிக்குச் சட்டத்தை விளக்கும்போது கீழ்க்கோர்ட்டு நீதிபதி ரெண்டு தப்பு பண்ணிட்டார். சந்தேகம் இருந்தா தண்டிங்கன்னு சொல்லிட்டார். விடுவிங்கன்னு சொல்லணும்."

"ரெண்டாவது?"

"அப்ப ஜூரி பன்னெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. நாற்காலியில துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருந்தாங்க. நீதிபதி துண்டுங்களுக்குத்தான் விளக்கினார். தீர்ப்பும் துண்டுங்கதான் குடுத்துச்சு."

நடு நீதிபதி என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, பஸ்ல துண்டு போட்ட சீட்டுல என்னைக்காவது உட்கார்ந்திருக்கியா?"

"ஆமான்னு சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள் செண்பகா.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தவன் நான். துண்டுக்காரர் கடைசி வரை ஏறவேயில்லை.

"இல்லைங்க."

"அப்ப துண்டும் ஆளும் ஒண்ணுதான்னு நீயே ஒத்துக்கற."

செண்பகா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

முதல் தப்பை மட்டும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதே துண்டுகளுக்குச் சரியாக விளக்கும்படி உத்தரவானது. பன்னிரண்டு நாற்காலிகளும் துண்டோடு வந்து சேர்ந்தன. நடு நீதிபதி அவற்றுக்கு வணக்கம் சொன்னார்.

"சந்தேகம் இருந்தா விடுவிக்கணும். யாருக்காவது சந்தேகம் இருக்குதா?"

ஒரு துண்டும் அசையவில்லை. என் இடுப்பில் கம்பி முளைக்கத் தொடங்கியது.

செண்பகா யாரையும் கேட்கவில்லை. என் வலது கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திறந்தாள். வெளியே வேப்பமரம் ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு காற்று வந்தது. ஐந்தாவது நாற்காலியில் கட்டம் போட்ட துண்டு ஒன்றின் ஓரம் தூக்கிக்கொண்டது.

"அதுக்குச் சந்தேகம் வந்துருச்சு. விடுதலை," என்றார் நீதிபதி.

தில்லைநாயகம் என் கம்பியைப் பிடித்துக் குலுக்கினார். செண்பகா அழுதாள். நானும் அழுதேன். கதவு நனைந்தது.

பெஞ்ச் கிளார்க் வந்தார்.

"தீர்ப்பு டைப் ஆகி வரணும். அதுவரைக்கும் அந்தத் துண்டுக்குச் சந்தேகம் இருந்தாகணும். ஜன்னலைச் சாத்திடாதீங்கம்மா."

"டைப் அடிக்கிறவங்க எங்க?"

"பிரசவ லீவு. நேத்துதான் போனாங்க."

செண்பகா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கையை எடுத்துடாத," என்றேன்.

"பேசாம இருங்க. நீங்க பேசினா கதவு ஆடுது," என்று சொல்லிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.