காசு உடுத்த பெண்கள்

கஸ்பர் ரிமோட்டை அமத்தியபோது, அண்ணர் அமிர்தநாதரின் முதல் நன்மைப் படம் வரவேண்டிய பெரிய திரையில், காசைத் தவிர வேறெதுவும் உடுக்காத முப்பது வெள்ளைக்காரப் பெண்கள் படியிறங்கி வந்தார்கள்.

திரைக்கு நேர் கீழே, சவப்பெட்டிக்குள், அமிர்தநாதர் சாம்பல் நிறக் கோட்டும் கையில் செபமாலையுமாகப் படுத்திருந்தார். அவருக்கு மேலே மெல்லிய மீசைக்காரன் ஒருவன் நாணயமொன்றைச் சுண்டினான். அது திரும்பி வரவில்லை. வானத்தில் போய் நிலவாக ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த நிலவு சில்லறையாகக் கொட்டத் தொடங்க, பெண்கள் வண்டிச் சில்லளவு காசுகளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கால்களை மட்டும் நீட்டி ஆடினார்கள். மண்டபத்தின் ஸ்பீக்கர்கள் மிகத் தரமானவை. நேற்றுக் காலை அவற்றைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்று சான்றிதழ் கொடுத்தவரும் கஸ்பர்தான்.

"சித்தப்பா! ஓ மை கோட், ஓஃப் பண்ணுங்கோ!" என்று முன்வரிசையிலிருந்து செத்தவரின் மகள் நிசாந்தினி கத்தினாள்.

கஸ்பர் அமத்தினார். சத்தம் கூடியது. வேறொன்றை அமத்தினார். படம் அப்படியே நின்றது, முப்பது பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி. கடைசியில் ஊர்க்காரர் நவரட்ணம் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினார்.

நவரட்ணத்தின் கையில் கறுப்புப் பட்டி இருந்தது. அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் போராட்டத்தில் நின்றுவிட்டு நேரே வந்தவர். மண்டபத்தில் பாதிப்பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள். ஊரில், வன்னியில், சண்டை எல்லாம் முடிந்துவிட்டதென்று அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. மாதக்கணக்காகத் தமிழ் வானொலிகளில் ஒரு சினிமாப் பாட்டுப் போகவில்லை. கலியாணங்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவர்கள்கூடத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் வெட்டினார்கள். அப்படிப்பட்ட சனத்துக்குக் கஸ்பர் ஆட்டம் காட்டியிருந்தார்.

பிழை நடந்த விதத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெப்ரவரியில் அண்ணர் பழைய இங்கிலிஷ் ஆட்டப் படமொன்று கேட்டார். கஸ்பர் நூலகத்தில் எடுத்ததை டீவீடித் தட்டொன்றில் களவாகப் பிரதி பண்ணி, மேலே மார்க்கரால் 'அண்ணை' என்று எழுதிக் கொடுத்தார். நேற்று அண்ணரின் புகைப்படங்களையெல்லாம் சேர்த்து இன்னொரு தட்டு அடித்து, அதன் மேலும் 'அண்ணை' என்றே எழுதி அண்ணர் வீட்டு டீவிக்குப் பக்கத்தில் வைத்தார். இன்று போய் அவசரத்தில் மற்றதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இருந்ததும் ஒரே ஒரு அண்ணைதானே. வேறென்னத்தை எழுதுவது?

ஆனால் தட்டு மாறினது பெரிய வெட்கமில்லை. பெரிய வெட்கம் பின்வரிசையில் இருந்தது.

"சொன்னவைதானே. உண்மைதான் போல," என்றது ஒரு பெண்குரல்.

சொன்னது யார்? கஸ்பர்தான். எப்போது தொலைபேசி எடுத்தாலும் அண்ணர், "நீ தந்த காசுப் படம்தான் பாக்கிறன்ரா" என்பார். இந்தச் சாமானைக் கஸ்பர் சும்மா விடுவாரா? கோயில் வாசலில் சொன்னார். ஒட்டாவா ஊர்வலத்துக்குப் போன பஸ்ஸில் எழும்பி நின்று சொன்னார். "ஊர் எரியேக்க எங்கட அண்ணை காசு எண்ணுறார். ஆடுற காசு, நிண்டாத்தானே எண்ணி முடிக்கலாம்!" முகமெல்லாம் இறுகிப்போயிருந்த பஸ் அது. சிரித்தது. மறுபடி சொல்லச் சொன்னது. அமெரிக்கா பட்டினி கிடந்த காலத்தில்தான் இப்படிக் காசை ஆடவிட்டுச் சனத்தைக் குளிரப்பண்ணினார்கள் என்று இலவச விளக்கமும் கொடுத்தார். தான் சொன்ன பகிடிகளில் இதுதான் திறம் என்று அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பகிடி, சாட்சியோடு, பெட்டிக்கு மேலே ஆடிவிட்டுப் போயிருந்தது. நாளைக்கு அண்ணரை மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் போகிற சனம், காரில் இதைத்தான் கதைக்கும்.

கஸ்பர் நிசாந்தினியின் பக்கத்தில் போய்க் குனிந்தார். "பிள்ளை, அப்பா ஏன் உந்தப் படத்தையே பாத்துக்கொண்டிருந்தவர்?"

"நொட் நவ், சித்தப்பா. ப்ளீஸ்."

நவரட்ணத்தைப் பிடித்தார். "அண்ணை அப்பிடி ஆளில்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"விடும் கஸ்பர். செத்தவீட்டில நிண்டுகொண்டு…" என்று நவரட்ணம் தன் கைப்பட்டியைச் சரிசெய்தார்.

செபமாலை சொல்ல வந்திருந்த பாதரிடமும் கேட்டார். கடவுளுக்கும் பகிடி பிடிக்கும் என்றார் பாதர். கடவுளுக்குப் பிடிக்கலாம், பங்குச் சனத்துக்குப் பிடிக்கவேண்டுமே.

குடும்பத்தாருக்கென்று பின்னால் ஒரு சிறிய அறை இருந்தது. அண்ணரின் மனைவி யோகராணி அங்கே சோஃபாவில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரோடு இருந்தார். அவருடைய தங்கச்சி குடும்பம் வன்னியில். மார்ச்சோடு தொடர்பு இல்லை. அந்த மனுசி செய்தி பார்த்து அழ, அண்ணர் ஆட்டம் பார்க்கிறாரே என்று கஸ்பர் ஒருதரம் கவலைப்பட்டதுமுண்டு. கவலைப்பட்டுவிட்டு அதையும் பகிடியில் சேர்த்துக்கொண்டார்.

"மச்சாள், நான் மைக்கில சொல்லட்டோ? அது என்ர படம், அண்ணைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டு."

"உமக்கு மைக் தந்தா நீர் பகிடி விடுவீர்."

அது சரிதான். கஸ்பர் எதிர்க் கதிரையில் இருந்தார்.

"அண்ணையின்ர பேரைக் கெடுத்துப்போட்டன் மச்சாள். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அவர் ஏன் அதைப் பாத்தவர்?"

யோகராணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் பாக்கேல்லை. நான் பாத்தனான்."

கஸ்பர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"நான் கேட்டுத்தான் உம்மட்ட இருந்து படம் வாங்கினவர். தமிழ்ப் பாட்டெண்டா பக்கத்து யூனிட் தமிழ்ச் சனத்துக்குக் கேக்கும், இங்கிலிஷெண்டா ஆருக்கும் தெரியாது எண்டார். அவருக்கு உது பிடிக்கவே பிடிக்காது. கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சிட்டு, நான் பாத்து முடியுமட்டும் பக்கத்தில இருப்பார். நீர் ஃபோன் எடுத்தா, தான் பாக்கிறதெண்டு சொல்லுவார்."

"ஏன்?"

"தங்கச்சி அங்க சாகக்கிடக்கேக்க இவள் ஆட்டம் பாக்கிறாள் எண்டு சனம் சொல்லுறதிலும் பாக்க, என்னை விசரன் எண்டு சொல்லட்டும் எண்டார். உம்மட பகிடி வீட்டுக்கு வந்த நேரம் ரெண்டுபேரும் சிரிச்சனாங்கள். நானும் சிரிச்சனான், கஸ்பர். இப்ப அங்க எல்லாரும் அவரைப் பிழையாப் பாக்கேக்கயும் நான் வாய் திறக்கேல்லை. எழும்பி இஞ்ச வந்திட்டன்."

மண்டபத்தில் யாரோ கதிரைகளை இழுத்துச் சரிசெய்தார்கள். செபமாலை தொடங்கப்போகிறது.

"ஏன் மச்சாள் அந்தப் படம்?"

இதற்கு மட்டும் மற்றவர்களைப் போல மழுப்பல்தான் வரும் என்று கஸ்பர் நினைத்தார். யோகராணி அவரை நேரே பார்த்தார்.

"டீவியில எங்க திருப்பினாலும் கால் போன பிள்ளையளைக் காட்டினாங்கள். தங்கச்சியின்ர பிள்ளை அதுக்குள்ள இருக்கோ எண்டு ஒவ்வொரு முகமாத் தேடுவன். தேடி முடிய உதைப் போடுவன். உதில எல்லாருக்கும் ரெண்டு காலும் இருந்தது. அதைத்தான் பாத்தனான். காசை நான் பாக்கேல்லை."

உள்ளே பாதரின் குரல் கேட்டது. யோகராணி எழுந்து செருப்பைத் தேடினார். கஸ்பர் நிலத்தில் முழங்காலில் இருந்து, சோஃபாவுக்கு அடியில் போயிருந்த ஒன்றை எடுத்து அவருடைய காலடியில் வைத்தார். பிறகு மற்றதுக்காகக் கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.