எல்லாருக்கும் ஒரே கண்ணாடி

ஆபீஸில் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. புரோகிராம் எழுதும் எடிட்டர் திரை வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. எழுத்துகள் பொடிப்பொடியாகக் கிடந்தன. அவளுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத கண். அதனால்தான் கறுப்புத் திரை, பெரிய மஞ்சள் எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்திருந்தாள்.

"புது மேனேஜர் எல்லார் மெஷின்லயும் ஒரே செட்டிங்க ஏத்தச் சொல்லிட்டாராம். என்னோடதும் போச்சுக்கா. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அவள் விடவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"யாரைக் கேட்டு சார் என் எடிட்டர்ல கை வெச்சீங்க?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தாம்மா ஒழுங்கு. ரெண்டு நாள்ல பழகிடும்."

"அப்ப உங்க கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. ஆபீஸ் முழுக்க அதையே மாட்டிக்கறோம். ரெண்டு நாள்ல பழகிடும்."

"மெஷின் ஆபீஸோடதும்மா."

"கண்ணு என்னோடது சார்."

அவர் கை தானாக மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது.

அனுமதிக்குக் காத்திராமல் அவள் திரும்பி வந்து, நினைவில் இருந்ததையெல்லாம் மறுபடி அமைக்க உட்கார்ந்தாள். கோபத்தில் எழுதியதே இரண்டு முறை தப்பானது. சாயங்காலத்துக்குள் திரை கறுத்து, எழுத்து மஞ்சளானது.

மறுநாள் மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். எல்லாரும் அவள் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளுக்கோ மனசு ஆறவில்லை. தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு வாயா வலித்திருக்கும்?