கண்ணுக்குத் தெரியாத ஐந்து ஏக்கர்

எம்.எஸ்ஸி. படிக்கும்போதே எனக்கு வானத்தின் மேல் பைத்தியம். நட்சத்திரக் கூட்டத்தின் விளிம்பில் இருப்பவை மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். அவையோ உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்கு எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. வேகத்தை அளந்தால் அந்தத் தெரியாத பொருளின் எடை தெரிந்துவிடும். 1978இல் பெங்களூரில் அந்த ஆராய்ச்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது.

நிலமற்ற கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அது இல்லாமல் நான் பெங்களூர் போக வழியில்லை. கேட்டது ஒரே சான்றிதழ், நிலம் இல்லை என்று. சிரித்துக்கொண்டே போனேன். என் அப்பா வீரையனுக்கு நிலம் இல்லை என்பது ஊர் நாய்க்கும் தெரியும். இராஜாங்கம் பண்ணையில் விவரம் தெரிந்த நாளிலிருந்து கூலி வேலை.

ஊர்க் கணக்குப்பிள்ளை நிலக்கணக்குச் சிட்டாவைப் புரட்டினார். வீரையன் பேரில் ஐந்து ஏக்கர் நஞ்சை இருப்பதாகச் சொன்னார்.

வீட்டில் கேட்டேன். அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார் வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை ஆட்கள் பேரில் எழுதி ஒளித்திருக்கிறார். அப்பாவும் கைநாட்டு வைத்திருக்கிறார். விளைச்சல் முழுக்கப் பண்ணைக்கு, பெயர் மட்டும் இவருடையது. போன வருஷம் கூலி உயர்வு கேட்டு ஊரே கொடியோடு நின்றபோது, இவர் மட்டும் பண்ணை வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். எது இவரை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. எட்டாத தூரத்தில் இருப்பதை எடைபோடக் கிளம்பியவள், வீட்டுக்குள் இருந்ததைக் கோட்டைவிட்டேன். வெட்கமாக இருந்தது.

தாசில்தாரிடம் உண்மையைச் சொன்னால் போதும், அது பண்ணை நிலம் என்று எழுதிக்கொண்டு எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுவார் என்றேன். சொல்கிறேன் என்று அப்பா என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினோம். அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில் பண்ணைக் காரியக்காரர் கலியபெருமாள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

நிலம் யாருடையது என்று தாசில்தார் கேட்டார்.

"என்னோடதுதாங்க. நாந்தாங்க சாகுபடி பண்றேன்."

அப்பா தன் வாழ்க்கையில் நிலத்தைத் தன்னுடையது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். என் விண்ணப்பத்தில் தாசில்தார் சிவப்பு மையால் கோடு போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா டீ வாங்கி நீட்டினார். நான் வாங்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பண்ணையாருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியவில்லை என்றார்.

"எனக்குக் குடுத்த வாக்கு?"

"அவங்க பொறுத்துக்க மாட்டாங்க ஆத்தா. நீ என் புள்ள, பொறுத்துக்குவ."

பெங்களூர் இடம் வேறு யாருக்கோ போயிற்று. நான் இன்றுவரை பொறுத்துக்கொள்ளவில்லை.