தலை மாற்றிய தகடு

இராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்தாலே சுடர்விழிக்குக் குமட்டும். அந்த முகத்தோடுதான் அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

பாபநாசத்தில் டாக்டர் காயாரோகணத்துக்கு நினைவு மண்டபம் எழும்பியது. வயலில் பாம்பு கடித்தவர்களைச் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவந்து காப்பாற்றிய மனிதர். கட்டடச் செலவு அரிசி ஆலை முதலாளி இராஜாங்கத்துடையது. பழைய ஐரோப்பியப் பிரபுக்களைச் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தார்களே, அதே பாணியில் டாக்டரின் படம் வேண்டும் என்று, தகடு செதுக்கும் சுடர்விழியிடம் கேட்டு வந்ததும் அவர்தான்.

மணல் அடைத்த தோல் திண்டின்மேல் தகட்டை வைத்து, உளியை நிலையாகப் பிடித்துக்கொண்டு தகட்டைத் திருப்பித் திருப்பி வளைகோடு இழுத்தாள். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கன்னமும் நிழலும் துண்டின் சரிகையும் அதிலேயே வந்தாக வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டாலும், டாக்டரின் கண்ணில் அவருடைய குறும்பு வந்துவிட்டது.

முதல் அச்சைப் பார்த்த இராஜாங்கம் தாடையைச் சொறிந்தார். "நாற்காலி, திரை, துண்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும்மா. முகத்த மட்டும் சுரண்டிட்டு நம்ம முகத்தப் போட்டுடுங்க."

"மண்டபம் டாக்டர் பேர்லங்க."

"வாசல்ல அவரு பேரு இருக்குல்ல. போதும்."

அந்தக் காலத்திலும் ராஜா மாறினால் தகட்டில் தலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தபோது அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் அவள்.

மறுத்தால் வேறு யாராவது சுரண்டுவார்கள். அதைவிட, இந்த ஆளை உள்ளபடியே செதுக்கிக் காட்டினால் வெட்கப்பட்டு, டாக்டரையே போடச் சொல்லிவிடமாட்டாரா? அவள் நம்பினாள். டாக்டரைச் சுரண்டினாள். பின்பக்கம் சுத்தியலால் தட்டிப் பள்ளத்தைச் சமமாக்கினாள்.

நெல் ஈரமென்று சொல்லி விலையைக் குறைக்கும்போது சுருங்கும் கண், எச்சில் தேங்கும் உதட்டோரம், தொங்கும் தாடை, ஒன்றையும் விடவில்லை. அச்சான தாளைத் தொடவே கூசியது.

இராஜாங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எத்தனையோ பேரு போட்டோ எடுத்தானுவ, ஒருத்தனுக்கும் வரல. இதாம்மா நான். பாத்தா ஒரு பயம் வரணும்ல?"

"டாக்டர மறுபடி செதுக்கிடட்டுங்களா?" என்றாள்.

"எதுக்கு? இதையே மண்டபத்துல மாட்டுவோம். அரிசி மூட்டையிலயும் அடிச்சிடுவோம்."

சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துத் தன் ஈரக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அவர் போனதும் குழாயடியில் நின்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். டாக்டரைச் சுரண்டியதும் இந்தக் கைதான்.